பதினேழாம் எண் சந்தாதாரர்

ஹைதராபாத் கடிதம் வந்து ஆறு நாளாகிவிட்டது. அமலா அதை இன்னும் வீட்டில் காட்டவில்லை. கைப்பையின் உள் ஜிப்புக்குள், குடை உறைக்கும் பழைய பஸ் டிக்கெட்டுகளுக்கும் அடியில், நாலாக மடித்து வைத்திருந்தாள்.

ஊருக்குப் போய்விட்டுப் போன வாரப் பத்திரிகையைக் கோட்டை விட்டவர்களுக்காக நாலு வரி. அமலாவுக்கு வயது இருபத்தாறு. ஹவுராவுக்கு அக்கரையில், பெஹாலாவில் ஒரு மாடிப் போர்ஷனில் அப்பா வாஞ்சிநாதன், அம்மா வசந்தியோடு வாசம். வேலை துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில், லாஹிரி என்பவர் பொறுப்பில் நடக்கும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கிளையில். அவள் எழுதிய புரோகிராமின் பெயர் 'ஜோயார்'. வங்காள மொழியில் கடலேற்றம் என்று அர்த்தம். பெயர் வைத்தது லாஹிரி.

ஜோயார் என்ன செய்கிறது? எந்தக் கப்பல் எப்போது வருகிறது, எந்த இடத்தில் நிற்கப் போகிறது என்ற செய்தியை சரக்கைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துத் தரும் நாற்பத்திரண்டு கிளியரிங் ஏஜெண்டு அலுவலகங்களுக்கு ஒரே மூச்சில் கம்ப்யூட்டர் வழியாக அனுப்புகிறது. நீங்கள் இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்தால் வாராவாரம் தானாக வாசலில் வந்து விழுகிறதல்லவா, அதே மாதிரிதான். யாரும் போன் போட்டுக் கேட்க வேண்டாம். பட்டியலில் பேர் இருந்தால் செய்தி வந்து சேரும்.

ஆனால் ஜோயார் திடீர் திடீரென்று செயலிழந்து விழுந்துவிடுகிறது. ஐந்து வாரத்தில் பதினோரு தடவை. விழுந்தால் பாதிப் பேருக்குத்தான் செய்தி போயிருக்கும். மீதிப் பேருடைய லாரிகள் வேறெங்கோ நிற்கும். காரணம் என்னவென்று பார்க்க அமலா உட்கார்ந்தால், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் பெண்ணைப் போல அத்தனை அடக்கமாக ஓடும்.

கடிதத்தில் இருந்தது இதுதான். சேவை நிலைக்காவிட்டால் ஏஜெண்டுகள் சங்கம் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும், கிடர்பூர் கிளை மூடப்படும், அமலா ஹைதராபாத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். சங்கத்தின் காரியதரிசி இன்றைக்கு, வியாழக்கிழமை, மாலை நாலு மணிக்கு நேரில் வந்து பார்க்கப் போகிறார். அவர் கண்ணெதிரே விழுந்தால் கதை முடிந்தது.

காலை எட்டு மணிக்கு அமலா சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டர் முன்னால் நோட்டும் பென்சிலுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டி, கார்த்தால என்ன பரீட்சை எழுதறே அங்கே? இட்லி ஆறிப் போறது."

"ஜோயார் விழுந்த தேதியெல்லாம் பாக்கறேம்மா. கரண்ட் போன நாளான்னு பாக்கணும்."

வசந்தியின் காலண்டரில் இல்லாத சேதி கிடையாது. கேஸ் வந்த நாள், பால் திரிந்த நாள், கரண்ட் போன நேரம், வேலைக்காரி மட்டம் போட்ட நாள் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். செவ்வாய், வியாழன், சனிக் கட்டங்களில் 'லை' என்று ஓர் எழுத்து. அன்றைக்கெல்லாம் வாஞ்சிநாதன் நேஷனல் லைப்ரரிக்குப் போவார், டிபன் டப்பா கட்ட வேண்டும் என்று அர்த்தம்.

துறைமுகத்தின் ரேடியோ அறையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். போன வருஷம் நெஞ்சில் வலி வந்து ஆஞ்சியோ செய்ததிலிருந்து, இனி எந்த வேலைக்கும் போகக்கூடாது என்பது வசந்தியின் தீர்ப்பு. லைப்ரரிக்கு மட்டும் விலக்கு.

கரண்ட் போன நாளுக்கும் ஜோயார் விழுந்த நாளுக்கும் பொருத்தமே இல்லை. அமலா உதட்டைக் கடித்தாள். பிறகு அவள் பென்சில் நின்றது. பதினோரு தேதியிலும் 'லை' இருந்தது. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை தனியாக உதைத்துக்கொண்டு நின்றதே என்று பார்த்தால், அந்த வாரம் வியாழனன்று பந்த். அப்பா வெள்ளிக்கிழமை போயிருக்கிறார். அதையும் அம்மா குறித்திருந்தாள்.

"அம்மா, இந்தக் கூத்தைக் கேளேன். அப்பா லைப்ரரி போற நாள்லதான் என் புரோகிராம் விழறது!"

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வாஞ்சிநாதனுக்குப் புரையேறியது.

"நன்னா இருக்கே! நான் என்ன லைப்ரரில உக்காந்து மந்திரமா போடறேன்?" என்றவர், இரண்டாவது காபிக்குக் கூட நிற்காமல் படியிறங்கிவிட்டார்.

"அவருக்கும் உன் மெஷினுக்கும் என்னடி சம்பந்தம்? விழறது, எழுந்திருக்கறதுன்னு, குழந்தை மாதிரின்னா சொல்றே" என்று சிரித்தபடி வசந்தி மகளின் கைப்பையைத் திறந்து டிபன் டப்பாவை உள்ளே வைத்தாள். "என்ன பையிடி இது, குப்பைத் தொட்டி! ஒரு வருஷத்து டிக்கெட்டை ரொப்பி வெச்சிருக்கே. இரு, எடுத்துப் போட்டுடறேன்."

அமலா குளிக்க ஓடினாள். அவள் கிளம்பும்போது வசந்தியின் பேச்சு குறைந்திருந்தது. "சாயங்காலம் சீக்கிரம் வருவியோ?" என்று மட்டும் கேட்டாள். "பாக்கலாம்மா" என்று அமலா பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பதினோரு மணிக்கு அலுவலகத்தில் லாஹிரி மூன்றாவது டீயில் இருந்தார். நல்ல மனிதர். அமலாவுக்கு அவர் 'லாஹிரிதா', அதாவது லாஹிரி அண்ணா. பயம் வந்தால் ரசகுல்லா வாங்கி எல்லோருக்கும் கொடுப்பார். மேஜையில் ஒரு சட்டி ரசகுல்லா இருந்தது.

"அமலா, இன்னிக்கு மட்டும் ஒழுங்கா ஓடச் சொல்லும்மா உன் பிள்ளையை" என்றார் வங்காளத்தில்.

அமலாவுக்கு அந்த 'லை' மனதை விட்டுப் போகவில்லை. சிரித்துவிட்டு வந்தாளே தவிர, ஒன்றல்ல இரண்டல்ல, பதினொன்றும் பொருந்துவதென்றால்? வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டும் யாரோ எதையோ செய்கிறார்கள். ஒவ்வொரு தடவை விழும்போதும் ஜோயார் எழுதி வைத்த குறிப்புகளை மறுபடி எடுத்தாள். இத்தனை நாளும் கடைசி வரியையே முறைத்துக்கொண்டிருந்தவள், இன்றைக்கு அதற்கு முந்தின வரியைப் பார்த்தாள்.

'17 விலகினார்.'

அடுத்த தேதியில் பார்த்தாள். '17 விலகினார்.' அதற்கடுத்த தேதியிலும் அதே வரி. பதினோரு தேதியிலும் பதினேழுதான்.

விலகுவது ஒன்றும் குற்றமில்லை. சாயங்காலம் கடை கட்டும்போது நாற்பத்திரண்டு பேரும் விலகிவிட்டுத்தான் போவார்கள். அதனால்தான் அந்த வரி அவள் கண்ணில் உறுத்தவே இல்லை. ஆனால் இந்தப் பதினேழாம் எண், செய்தி வந்த அதே விநாடியில் விலகுகிறார். ஜோயார் அப்போது பதினெட்டாவது ஆளுக்குக் கொடுக்கப் போய்க்கொண்டிருக்கும்.

அமலாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கல்யாணப் பந்தியில் பாயசம் விட்டுக்கொண்டே வருகிறவர், இத்தனையாவது இலை என்று எண்ணி எண்ணிக் குனிகிறார். நடுவில் ஒருவர் எழுந்து இலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால், எண்ணிக்கை தப்பி, அடுத்த கரண்டி வெறுந்தரையில் கவிழும், பந்தி அங்கேயே நின்றுவிடும். பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பட்டியலிலிருந்து ஒரு பேரை அடிக்க அவள் விட்டிருந்தாள். அப்படி ஒருவர் நடுப்பந்தியில் எழுந்து போவார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

யார் இந்த அவசரக்காரர்? பதினேழு: ஹால்தார் அண்டு கம்பெனி. பத்து நிமிஷ நடை.

"லாஹிரிதா, ஒரு மணி நேரத்தில் வருகிறேன்."

"இன்னிக்கா? எங்கே?"

"பதினேழாம் நம்பரைப் பார்க்க."

மழை விட்ட தெருவில் கைவண்டிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஹால்தார் கம்பெனி ஒரு சணல் கிடங்கின் மாடியில் இருந்தது. படியேறி உள்ளே நுழைந்தவளின் கண்ணில் முதலில் பட்டது ஒரு டிபன் டப்பா. மூடியில் மூன்று புள்ளி நசுங்கல். அந்த நசுங்கலை அவளுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து தெரியும்.

டப்பாவுக்குப் பின்னால் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குப் பின்னால், மூக்கு நுனியில் கண்ணாடியோடு, வாஞ்சிநாதன்.

அமலா மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நேஷனல் லைப்ரரியை எப்பப்பா இங்க மாத்தினா?" என்றாள் அமலா.

"அம்மாட்ட சொல்லிடாதே" என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. "மூட்டை ஒண்ணும் தூக்கலைம்மா. ஃபேனுக்கு அடியில உக்காந்துண்டு படிக்கறேன், அவ்வளவுதான். ஹால்தார் பாபு டீ கூட சக்கரை இல்லாமதான் தரார்."

"எத்தனை நாளா?"

"ஆறு வாரம். உன் ஜோயார் வந்தப்போ இவா யாருக்கும் அதைத் தொடவே பயம். வாரத்துல மூணு நாள் வந்து பாத்துக்கோயேன்னு ஹால்தார் கூப்பிட்டார். எனக்கும்..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ பண்ணினதை ஒரு தடவை பாக்கணும்னு இருந்தது. ஆத்துல கேட்டா, உங்களுக்குப் புரியாதுப்பான்னுடறே."

அமலாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சொல்லித்தான் இருக்கிறாள். ஒரு தடவையா, இரண்டு தடவையா. அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்டாள்.

"செய்தி வந்ததும் நீங்க என்னப்பா பண்றேள்?"

"படிப்பேன். எழுதிப்பேன். உடனே விலகு பட்டனை அழுத்திடுவேன்."

"உடனே எதுக்கு?"

"எதுக்கா? சேதி வாங்கியாச்சுன்னா லைனை விட்டுடணும் இல்லையோ? ரேடியோ ரூம்ல அதான் முதல் பாடம். ஒருத்தன் சும்மா பிடிச்சுண்டிருந்தா, நதி நடுவுல நாலு கப்பல் பேச முடியாம காத்துண்டிருக்கும். அடுத்த சேதிக்கு நேரமானா மறுபடி சேந்துப்பேன்." குரலைத் தணித்துக்கொண்டார். "அதுலயும் நீ அன்னிக்கு ஆத்துல அழமாட்டாத குறையா சொன்னியே, பாரம் தாங்காம விழறதோ என்னவோன்னு. அன்னிலேருந்து இன்னும் வேகமா விலகிடறேன். என் ஒருத்தன் பாரமாவது உனக்குக் குறையட்டுமேன்னு."

அமலா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஐந்து வாரமாக அவள் தூக்கத்தைக் கெடுத்தது மின்சாரமுமில்லை, பாரமுமில்லை. அவள்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒரு மனிதர், அவளுக்கு உபகாரம் என்று நினைத்து, விழ விழ இன்னும் சீக்கிரமாக அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னாள். வாஞ்சிநாதன் முகம் வெளுத்துவிட்டது.

"நானா? நானா விழ வெச்சேன்?"

"நீங்க இல்லேப்பா. தப்பு என் புரோகிராம்ல. யார் எப்ப எழுந்து போனாலும் அது தாங்கணும். நான் அப்படி எழுதலே."

"சரி, இன்னிக்கு யாரோ பாக்க வரான்னியே. நான் அழுத்தலே. கையைக் கட்டிண்டு உக்காந்துடறேன். அவா பாத்துட்டுப் போகட்டும்."

எவ்வளவு சுலபம்! அப்பா கையைக் கட்டிக்கொண்டால் நாலு மணிக்கு ஒன்றும் ஆகாது. காரியதரிசி ரசகுல்லா சாப்பிட்டுவிட்டுப் போவார். ஹைதராபாத் தூரப் போய்விடும். அந்த நாலு மடிப்புக் கடிதத்தைக் கிழித்து ஹூக்ளி ஆற்றில் போட்டுவிடலாம். ஆசை என்றால் அப்படியொரு ஆசை.

"வேண்டாம்ப்பா" என்றாள். "நாளைக்கு வேற ஒருத்தர் அழுத்துவார். நீங்க அழுத்தித்தான் ஆகணும். என்னிக்கும் அழுத்தற மாதிரியே, அதே வேகத்துல. ரெண்டு மணிக்கு ஒரு வெள்ளோட்டச் செய்தி அனுப்பறேன். முதல்ல விழணும். அப்பறம் சரி பண்ணிட்டு, மறுபடி அனுப்பறேன். அப்ப விழக்கூடாது."

"முதல்ல விழணுமா?"

"விழுந்தாத்தானே நான் நினைச்சது சரின்னு தெரியும்."

வாஞ்சிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பழைய டியூட்டி நாளின் களை வந்துவிட்டது. "ரெண்டு மணி, சரியா. என் வாட்ச் துறைமுக டயம்."

இரண்டு மணிக்குச் செய்தி போனது. ஜோயார் பொத்தென்று விழுந்தது. லாஹிரி தலையில் கை வைத்தார். அமலா நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தாள்.

"விழுந்துடுச்சு, லாஹிரிதா! விழுந்துடுச்சு!"

"பைத்தியமா உனக்கு?" என்ற லாஹிரி, தானும் ஒரு ரசகுல்லாவை வாயில் போட்டுக்கொண்டார்.

சரி செய்வதற்குப் பன்னிரண்டு வரிதான் வேண்டியிருந்தது. செய்தி பரிமாறிக்கொண்டிருக்கும்போது யார் விலகினாலும் உடனே பேரை அடிக்காதே. தனிச் சீட்டில் குறித்துக்கொள். பந்தி முழுக்கப் பரிமாறி முடிந்தபின் அடி. இவ்வளவுதான். இரண்டே முக்காலுக்கு மறுபடி வெள்ளோட்டம். பதினேழு விலகியது. ஜோயார் விழாமல் நின்றது. இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை. மூன்று தடவையும் நின்றது.

காரியதரிசி பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். கையில் குடை, முகத்தில் சந்தேகம். "விழுமா, நிற்குமா?" என்று நின்றபடியே கேட்டார். லாஹிரி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு, சிங்கப்பூரிலிருந்து வரும் சரக்குக் கப்பல் கடலேற்றத்தில் துறைமுக மதகு தாண்டி உள்ளே வருகிறது என்று நிஜமான செய்தி வந்தது. ஜோயார் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே போனது. பதினைந்து, பதினாறு, பதினேழு.

'17 விலகினார்.'

பதினெட்டு. பத்தொன்பது. இருபது. அமலா எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பத்திரண்டு.

நின்றது. விழவில்லை. காரியதரிசி பக்கத்து மேஜையிலிருந்து நாலு ஏஜெண்டுகளுக்குப் போன் செய்து, வந்ததா, வந்ததா என்று கேட்டார். எல்லோருக்கும் வந்திருந்தது. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். "ரசகுல்லா எந்தக் கடை?" என்றார்.

அவர் போனதும் லாஹிரி ஹைதராபாத்துக்குப் போன் போட்டு, ஐந்து நிமிஷம் கத்தினார். போனை வைத்துவிட்டு அமலாவைப் பார்த்து, "நீ எங்கேயும் போகப் போறதில்லை. அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடு" என்றார்.

அமலா பதில் சொல்வதற்குள் திரையில் ஒரு வரி முளைத்தது. '17 சேர்ந்தார்.' அடுத்த செய்திக்கு நேரம் நிறைய இருந்தது. இருந்தாலும் அவர் விலகவில்லை. அவள் கம்ப்யூட்டரை மூடும் வரை பதினேழு பட்டியலில் இருந்தது.

ஆறு மணிக்கு அப்பாவும் பெண்ணும் ஒன்றாக மினி பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னலோர இடத்தை அப்பாவுக்குக் கொடுத்தாள்.

"அம்மாட்ட எப்படிச் சொல்றது?" என்றார் வாஞ்சிநாதன். இத்தனைக்கும் முப்பத்திரண்டு வருஷம் புயல் எச்சரிக்கை படித்தவர்.

"நான் சொல்றேன். எனக்கும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. இனிமே பயமில்லை. இன்னிக்கு ஜோயார் விழுந்திருந்தா என்னை ஹைதராபாத் அனுப்பியிருப்பாப்பா. கடுதாசே குடுத்துட்டா. உங்களையும் அம்மாவையும் விட்டுட்டு எப்படிப் போறதுன்னு ஆறு நாளா..."

வாஞ்சிநாதன் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மாஜேர்ஹாட் பாலம் வரை அப்படியே வந்தார்.

"எங்கே, காட்டு அந்தக் கடுதாசை" என்றார் பிறகு.

அமலா பையைத் திறந்து உள் ஜிப்பை இழுத்தாள். குடை உறை இருந்தது. பஸ் டிக்கெட்டுகள் ஒன்றுகூட இல்லை. கடிதமும் இல்லை. காலையில் டப்பாவை வைத்த அம்மாவின் கை அவளுக்கு ஞாபகம் வந்தது.

பெஹாலாவில் இறங்கி இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது.

இந்த வீட்டில் வாசல் பூட்டைப் பார்ப்பது அமலாவுக்குப் புதிது. அப்பாவிடமும் சாவி கிடையாது, அவளிடமும் கிடையாது. எப்போது வந்தாலும் கதவைத் திறக்க வசந்தி இருப்பாள். இன்னொரு சாவி வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

கீழ்வீட்டு வங்காள மாமி, மித்ரா மாஷிமா, படியேறி வந்தாள்.

"உங்க அம்மா ரெண்டு மணிக்கே பூட்டிண்டு போயிட்டாளே, அமலா" என்றாள் வங்காளத்தில். "கையில் ஒரு ஆபீஸ் கடிதம். இங்கிலீஷ், படிச்சுச் சொல்லுன்னா. சொன்னேன். கொஞ்ச நேரம் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தா. அப்புறம் ஹவுரா ஸ்டேஷனுக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டா. பெண்ணைத் தனியா ஹைதராபாத் அனுப்ப மாட்டேன், மூணு பேருக்கும் டிக்கெட் வாங்கிண்டுதான் வருவேன்னு போயிருக்கா."

"தனியாவா? ஹவுராவுக்கா?" என்றார் வாஞ்சிநாதன். கல்யாணமாகி வந்த நாளாக வசந்தி ஹூக்ளி ஆற்றைத் தனியாகத் தாண்டியதில்லை.

"ஐந்துக்குள் வந்துடறேன்னாளே. மணி ஏழாகப் போறது."

அந்தச் சமயத்தில்தான் பூட்டிய கதவுக்கு உள்ளே டெலிபோன் மணி அடிக்க ஆரம்பித்தது.

அமலா கதவில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "அம்மா!" என்றாள், ஏதோ மரக்கதவு வழியாக ஹவுராவுக்குக் கேட்கும் என்பது போல.

மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"லைனை விட்டுடாதே, வசந்தி" என்றார் வாஞ்சிநாதன். "விட்டுடாதேம்மா, வந்துட்டோம்."